ஒரு வினைக்கு 645 பொருளா?

ஆங்கிலத்தில் மிக அதிகப் பொருள் கொண்ட சொல் எது என்ற கேள்விக்குப் பொது அறிவுப் புத்தகங்கள் நெடுங்காலமாக ‘செட்’ என்றே விடை சொல்லிவந்தன. 1989இல் 20 தொகுதிகளாக வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு அந்த வினைக்கு 430 பொருள் பிரித்திருந்தது. 2011இல் விடை மாறியது. மூன்றாம் பதிப்புக்காக ‘ரன்’ என்ற வினையைத் திருத்தி எழுதிய பீட்டர் கில்லிவர் அந்த ஒரே சொல்லோடு ஏறக்குறைய ஒன்பது மாதம் மல்லுக்கட்டினார். வினைக்கு மட்டும் 645 பொருள் என்று கணக்கு முடிந்தது. எழுத்தாளர் சைமன் வின்செஸ்டர் உடனே நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை எழுதினார். ‘செட்’ அசையாமல் இருக்கும் சொல், ‘ரன்’ பாயும் சொல். இயந்திரமும் அவசரமும் பெருகிய காலத்தில் பாயும் சொல் முந்தியது இயல்புதானே என்பது அவர் வாதத்தின் சாரம்.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இந்தப் பந்தயத்தில் ஒரு கோளாறு உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் புதுப்பிப்பு 2000ஆம் ஆண்டில் ‘எம்’ எழுத்தில் தொடங்கி இணையத்தில் சிறிது சிறிதாக வெளிவந்துகொண்டிருந்தது. 2011இல் ‘ரன்’ புதுப்பிக்கப்பட்டுவிட்டது. ‘செட்’ பழைய பதிவிலேயே கிடந்தது. புதிய சான்றுகளும் புதிய பகுப்பு முறையும் சேர்ந்தால் எந்தப் பெரிய வினையும் வீங்கத்தான் செய்யும். அளந்து முடித்தவரையும் அளக்காதவரையும் நிறுத்தி யார் உயரம் என்று தீர்ப்புச் சொன்னதைப் போல ஆகிவிட்டது. இரண்டில் எது பெரியது என்பதை விட்டுவிடுவோம். 645 என்ற எண் எதை எண்ணி வந்தது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இது புதிய கவலை அல்ல. 1755இல் தம் அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், முன்னுரையில் சில வினைகளைப் பெயர் சொல்லியே நொந்துகொண்டார். கம், கெட், கிவ், டூ, புட், செட், கோ, ரன், மேக், டேக், டர்ன் என்று நீளும் அந்தப் பட்டியலில் உள்ளவை எல்லாம் அன்றாடம் புழங்கும் சிறிய சொற்கள். அவற்றின் பொருள் இளகியும் பரந்தும் கிடப்பதால் வரையறைக்குள் அடைக்க முடியவில்லை என்பது அவர் முறையீடு. கடினமான சொல்லுக்குப் பொருள் எழுதுவது சுலபம். ஒரு மருத்துவக் கலைச்சொல்லை இரண்டு வரியில் முடித்துவிடலாம். ‘ரன்’ மாதிரி குழந்தைக்கும் தெரிந்த சொல்தான் அகராதிக்காரரின் உயிரை வாங்கும்.

இதற்கு ஒரு கணக்கும் உண்டு. அமெரிக்க மொழியியலாளர் ஜார்ஜ் கிங்ஸ்லி ஸிஃப் 1945இல், ஒரு சொல் எவ்வளவு அடிக்கடி புழங்குகிறதோ அதற்கேற்பப் பொருளும் கூடுகிறது என்று காட்டினார். புழக்கம் நான்கு மடங்கானால் பொருள் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். ஆக, ‘ரன்’ என்ற சொல்லுக்குப் பொருள் மிகுந்ததில் அதிசயம் இல்லை. எந்தத் திசைகளில் மிகுந்தது என்பதில்தான் சுவை இருக்கிறது.

அதற்கு வேரைப் பார்க்க வேண்டும். பழைய ஆங்கிலத்தில் இது ஒரு சொல் அல்ல, இரண்டு. ஒன்று தானே ஓடுவதையும் நீர் ஒழுகுவதையும் குறித்த ‘ரின்னன்’. பேச்சில் இது எழுத்து இடம்மாறி ‘இர்னன்’ என்றும் வழங்கியது. நம் தசை சதையானதைப் போல. மற்றொன்று ‘ஏர்னன்’, அதாவது ஓடச் செய்தல், குதிரையை விரட்டுதல். வட ஆங்கிலப் பகுதிகளில் குடியேறிய ஸ்காண்டிநேவியர்களின் நார்ஸ் மொழியிலும் இதே போல ஒரு ஜோடி இருந்தது. இவை எல்லாம் கலந்து, இடைக்கால ஆங்கிலத்தில் ஒரே உருவமாகிவிட்டன. ஜெர்மன் மொழி இன்றும் இரண்டையும் தனித்தனியே வைத்திருக்கிறது: ‘ரின்னன்’ என்றால் ஒழுகுதல், ‘ரென்னன்’ என்றால் விரைந்து ஓடுதல். ஆங்கிலத்தில் ஓடுவதும் ‘ரன்’, ஒழுகுவதும் ‘ரன்’, ஓட்டுவதும் ‘ரன்’.

தமிழ் வாசகருக்கு இந்த இடம் உடனே விளங்கும். நாம் ஓடு, ஓட்டு என்று ஒற்றை இரட்டிக்கச் செய்து தன்வினையையும் பிறவினையையும் பிரித்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் அந்த வேலி விழுந்துவிட்டது. வேலி விழுந்ததும் பொருள்கள் இரு பக்கமும் மேயத் தொடங்கின. குதிரை ஓடுகிறது என்பதும் குதிரையை ஓட்டுகிறான் என்பதும் ஒரே சொல்லானபின், குதிரை இருந்த இடத்தில் எதையும் வைக்கலாம்: கப்பல், பேருந்துத் தடம், ஆலை, பத்திரிகை, நகராட்சி, நாடு. ‘அவர் ஒரு பள்ளிக்கூடத்தை ரன் பண்ணுகிறார்’ என்று நாமே கலந்து பேசுகிற வாக்கியத்துக்கு மூலம் அந்தப் பழைய ‘ஓடச் செய்தல்’தான்.

நல்ல தமிழில் பள்ளிக்கூடத்தை யாரும் ஓட்டுவதில்லை, நடத்துகிறார்கள். கடை, கூட்டம், இதழ், குடும்பம் எல்லாம் நடத்தப்படுபவை. நடையின் பிறவினைதான் நமக்கு நிர்வாகச் சொல். ஆனால் அதே கடை தன் போக்கில் வியாபாரம் செய்தால் ‘நல்லா ஓடுது’ என்போம். ‘குடும்பத்தை நடத்துகிறான்’ என்றால் பொறுப்பானவன். ‘ஏதோ குடும்பத்தை ஓட்டுறான்’ என்றால் கையில் காசு இல்லை. ஆங்கிலம் ஒரே சொல்லில் அடைத்துவிட்ட இடத்தில் தமிழ் இரண்டு நடைவேகம் வைத்து அந்தஸ்தையும் சொல்லிவிடுகிறது. ஒரே சொல்லுக்கு இத்தனை பொருளா என்று ஆங்கிலத்தைக் காட்டி வியப்பவர்கள், ‘வேலை ஓடல’, ‘படம் நூறு நாள் ஓடுச்சு’, ‘மனசுல என்னென்னமோ ஓடுது’, ‘சுவத்துல விரிசல் ஓடியிருக்கு’, ‘ஈ ஓட்டுறான்’, ‘பசங்க சேர்ந்து அவனை ஓட்டுறாங்க’ ஆகியவற்றையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

நீர்ப் பொருள் தனிக் கிளை. ஆறு, குழாய், மெழுகுவர்த்தி, மூக்கு என்று ஆங்கிலத்தில் வழிவன எல்லாம் ‘ரன்’. துவைத்தால் சாயம் போகும் துணிக்கும் இதே சொல். குளியல் தொட்டியில் நீர் நிரப்புவதும் ‘ரன்’ செய்வதுதான். தமிழில் ஆறு ஓடும், மூக்கு ஒழுகும், சாயம் போகும். மூன்றுக்கும் மூன்று வினை. நீர் நின்றுபோனால், இருப்புத் தீர்ந்துபோனால் ‘ரன் அவுட்’. பெட்ரோல், பணம், பொறுமை எல்லாம் அதில் அடக்கம். கிரிக்கெட்டின் ‘ரன் அவுட்’டுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, எழுத்து மட்டும் ஒன்று.

கிரிக்கெட்டைச் சொன்னபின் அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆட்டக்காரர் இருவரும் எதிர்முனைக்கு ஓடிச் சேரும்போதெல்லாம் கணக்காளர் ஒரு குச்சியில் வெட்டுக்குறி போட்டார். எண்ணப்பட்டது ஓட்டம்தான். பின்னாளில் எல்லைக்கோட்டைத் தாண்டிய பந்துக்கு நான்கும் ஆறும் வந்தன. பேட்டர் நின்ற இடத்தில் நின்றபடி கையுறையைச் சரிசெய்துகொண்டிருக்கிறார், கணக்கில் ஆறு ‘ரன்’ ஏறுகிறது. யாரும் ஓடவில்லை. வினையின் வேலை முடிந்து அலகின் பெயராகிவிட்டது. தமிழ்நாட்டில் ‘ரன்’ என்றே சொல்கிறோம்; இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் ‘ஓட்டங்கள்’ என்று எழுதுகின்றன. அங்கும் சிக்ஸருக்கு ஆறு ஓட்டங்கள்தான்.

வங்கிக்கு வருவோம். 2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கி வாசலில் மக்கள் பணத்தை எடுக்கத் திரண்டார்கள். 1866இல் ஓவரெண்ட் கர்னி நிறுவனம் கவிழ்ந்தபோது நேர்ந்ததற்குப்பின் அந்நாட்டில் நடந்த முதல் பெரிய ‘பேங்க் ரன்’ என்று செய்திகள் கூறின. படங்களைப் பார்த்தால் எல்லோரும் அமைதியாக வரிசையில் நின்றுகொண்டிருக்கிறார்கள். இதே போல, அமெரிக்காவில் தேர்தலுக்கு ‘ரன்’ செய்கிறார்கள், இங்கிலாந்தில் ‘ஸ்டாண்ட்’ செய்கிறார்கள். ஒரே வேலையை ஒரு நாட்டார் ஓடியும் மற்றொரு நாட்டார் நின்றும் செய்கிறார்கள். நாமும் இங்கிலாந்துக்காரரைப் போல நிற்கத்தான் செய்கிறோம்.

வின்செஸ்டர் சொன்ன இயந்திர வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. 1830இல் லிவர்பூல் மான்செஸ்டர் பாதையில் நேரப்படி ரயில் ஓடத் தொடங்கியதற்கு முன்பே கப்பலும் தபால் வண்டியும் ‘ரன்’ செய்துகொண்டுதான் இருந்தன. ஆனால் ரயிலும் ஆலையும் வந்தபின் அந்த வினைக்குள் ஒரு புதிய கூறு குடியேறியது: இடம் பெயராமல் இயங்குவது. எஞ்சின் நின்ற இடத்திலேயே ‘ரன்’ ஆகிறது. தறி, அச்சு இயந்திரம், கடிகாரம் எல்லாம் அப்படியே. ஆலையில் ஒரே ஓட்டத்தில் வெளிவந்த, தரம் பிரிக்காத சரக்கு ‘ரன் ஆஃப் தி மில்’ எனப்பட்டது. இன்று அதற்குச் சாதாரணம், சப்பென்று இருப்பது என்று பொருள். அதைச் சொல்பவர்களில் எத்தனை பேருக்கு ஆலையின் நினைவு வரும்?

இயந்திரம் ஓடித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பிரெஞ்சுக்காரர்களுக்கு இயந்திரம் நடக்கிறது. ‘மார்ஷே’ என்ற அவர்கள் வினைக்கு நடத்தல் என்றே பொருள். ஜெர்மானியர் ஓடவிடுகிறார்கள், ஆனால் ‘ரென்னன்’ என்ற உறவுச் சொல்லை விட்டுவிட்டு ‘லாஃபன்’ என்ற வேறு வினையைப் பிடித்துக்கொண்டார்கள். தமிழில் மோட்டார் ஓடுகிறது. ஒரே எஞ்சினை ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு காலால் நகர்த்துகிறது.

கணினி வந்ததும் ‘ரன்’ இன்னொரு நாற்காலியைப் பிடித்தது. 1964இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஜான் கெமெனியும் தாமஸ் குர்ட்ஸும் ‘பேசிக்’ என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். நிரலை எழுதி முடித்த மாணவர் தட்டச்சு செய்ய வேண்டிய கட்டளை மூன்றே எழுத்து: ரன். எண்பதுகளின் வீட்டுக் கணினிகள் அந்தக் கட்டளையை உலகம் முழுக்கக் கொண்டுபோயின. இங்கே எதுவும் நகரவில்லை. ஒரு வரிசைப்படியான வேலை தொடங்கி, இடையறாமல் நடந்து, முடிகிறது. தமிழ்க் கணினி வழக்கு இதற்கு ‘இயக்கு’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டது. அது சரியான முடிவு. நிரலை ஓட்டு என்று சொல்லியிருந்தால் வண்டி ஓட்டும் நினைவுதான் வந்திருக்கும்.

எதுவுமே நகராத இன்னொரு ‘ரன்’ இருக்கிறது. சாலை மலையோரமாக ‘ரன்’ செய்கிறது. வேலி தோட்டத்தைச் சுற்றி ‘ரன்’ செய்கிறது. மூக்குநீளம் பரம்பரையில் ‘ரன்’ செய்கிறது. மொழியியலாளர் லியோனார்டு டால்மி இதைக் கற்பித அசைவு என்ற வகையில் வைத்தார். சாலை கிடக்கிறது, பார்ப்பவரின் கண்தான் அதன் மேல் ஓடுகிறது என்பது விளக்கம். இது வெறும் அலங்காரமா, அல்லது படிக்கும்போது மனம் உண்மையிலேயே நகர்கிறதா?

டீனி மாட்லாக் 2004இல் வெளியிட்ட சோதனைகள் இதற்கு விடை தேடின. ஒருவர் வண்டியில் ஒரு நிலப்பரப்பைக் கடக்கும் சிறுகதையை முதலில் வாசிக்கக் கொடுத்தார். சிலருக்குப் பயணம் வேகம், சிலருக்கு மந்தம். சிலருக்குச் சமதரை, சிலருக்குக் கரடுமுரடு. அதன்பின் அந்தச் சாலையைப் பற்றி அசைவு வினை கொண்ட ஒற்றை வாக்கியம் திரையில் வரும். மந்தமான, கரடுமுரடான பயணத்தைப் படித்திருந்தவர்கள் அந்த ஒரே வாக்கியத்தைப் படித்து முடிவு சொல்லக் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள். அசைவு வினை இல்லாமல் சாலை இன்ன இடத்தில் உள்ளது என்று மட்டும் சொன்ன வாக்கியங்களில் இந்த வேறுபாடு காணப்படவில்லை. கிடக்கும் சாலைக்குப் போட்ட வினைக்குள்ளும் பழைய ஓட்டத்தின் மூச்சு கொஞ்சம் மிச்சமிருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று நான் படித்ததில்லை.

இனி எண்ணிக்கைச் சண்டை. ஒரு முனையில் 645. பிரின்ஸ்டனில் உருவான ‘வேர்ட்நெட்’ என்ற கணினிச் சொல்வலை இதே வினைக்கு 41 பொருளோடு நிறுத்திக்கொண்டது. சார்லஸ் ரூல் 1989இல் எழுதிய நூலில், இப்படிப்பட்ட சொற்களுக்கு அடிப்படையில் ஒரே பொருள்தான், மற்றவை எல்லாம் சூழல் தருபவை, நாம்தான் அவற்றைச் சொல்லின் தலையில் கட்டுகிறோம் என்று வாதிட்டார். எதிர்முகாமில் ஜார்ஜ் லேக்காஃப் வழிவந்த அறிதிற மொழியியலாளர்கள். நடுவில் ஒரு மூலப்பொருள், அதிலிருந்து கிளைகள், கிளைக்குக் கிளை என்று வலை வரைவது இவர்கள் வழக்கம். அந்த வரைபடங்கள் பார்க்க அழகு. ஆனால் வரைபவரின் உள்ளுணர்வைத் தவிர அவற்றுக்கு வேறு சாட்சி இல்லை என்ற குறை வெகுநாள் இருந்தது. ஸ்டெஃபான் கிரீஸ் 2006இல் பிரிட்டிஷ், அமெரிக்க உரைத் தொகுப்புகளிலிருந்து ‘ரன்’ வரும் எண்ணூற்றுச் சொச்சம் இடங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் எழுவாய் எது, செயப்படுபொருள் உண்டா, காலம் எது என்று குறித்துக் கணக்கிட்டார். காலால் வேகமாக ஓடுவதே மையம் என்பது புள்ளிவிவரத்திலும் தேறியது. நமக்குத் தெரிந்ததுதானே என்று தோன்றும். தெரிந்ததை எண்ணிக் காட்டியதே அந்த ஆய்வின் பெருமை.

அகராதித் தொழிலின் உள்ளிருந்தே வந்த குரல்தான் இவற்றில் கூர்மையானது. ஆடம் கில்காரிஃப் 1997இல், சொற்பொருள் என்று தனியே எண்ணத்தக்க ஒன்றில் தமக்கு நம்பிக்கை இல்லை என்றே ஒரு கட்டுரைக்குத் தலைப்பு வைத்தார். இருப்பவை பயன்பாட்டு இடங்கள். ஒரு வேலைக்காக அவற்றைக் கூறுபோடுகிறோம். வேலை மாறினால் கூறும் மாறும். இதை மெய்ப்பித்தது கணினித் துறை. ஒரே வாக்கியத்தை இரண்டு பேரிடம் கொடுத்து வேர்ட்நெட் எண்ணைக் குறிக்கச் சொன்னால், நுணுக்கமாகப் பிரித்த வினைகளில் அவர்கள் ஒத்துப்போவதில்லை. 2006இல் அறிமுகமான ‘ஒன்டோநோட்ஸ்’ திட்டம், குறிப்பவர்கள் 90 விழுக்காடு ஒத்துப்போகும்வரை பொருள்களைச் சேர்த்துச் சேர்த்துக் குறைத்தது. மனிதர் இருவர் ஒத்துக்கொள்ளாத வேறுபாட்டை எந்திரத்துக்குக் கற்பிப்பது வீண் என்பது அதன் நியாயம்.

மனத்துக்குள் என்ன நடக்கிறது? ஜெனிஃபர் ராட் குழுவினர் 2002இல் ஒரு நுட்பத்தைக் காட்டினார்கள். ‘பார்க்’ என்ற சொல்லுக்கு நாயின் குரைப்பும் மரப்பட்டையும் பொருள், இவை தொடர்பற்றவை. இப்படிப்பட்ட சொல்லை அடையாளம் காண மனம் தாமதிக்கிறது. தொடர்புள்ள பல பொருள் கொண்ட சொல்லையோ விரைவாகவே பிடித்துவிடுகிறது. அப்படியானால் ‘ரன்’ என்ற சொல்லின் கூட்டம் பேசுபவருக்குச் சுமையல்ல, வசதி.

என் தீர்ப்பு இது. 645, வரலாற்று அகராதிக்குச் சரியான எண். ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளில் இந்த வினை எங்கெங்கே போயிற்று என்பதற்கான நிலப்படம் அது. 41, ஒரு கணினித் திட்டத்தின் தேவை. ரூலின் ஒற்றைப் பொருள் தத்துவத்துக்கு நிறைவு தரும். ஆனால் ‘வேட்பாளர் ரன் செய்கிறார்’, ‘சாயம் ரன் ஆகிறது’ இரண்டையும் ஒரே கூரையில் கொண்டுவர அவர் பொருளை எவ்வளவு நீர்க்கச் செய்ய வேண்டியிருக்கிறது என்று பார்த்தால், அந்த மீதிப் பொருளால் யாருக்கும் பயனில்லை.

கற்பவருக்கு எண் தேவையே இல்லை, துணை தேவை. ‘ரன்’ என்பதன் பொருள் அதில் இல்லை, அதன் பக்கத்தில் வரும் சொல்லில் இருக்கிறது. எழுவாய் மூக்கா, சாலையா, வேட்பாளரா? செயப்படுபொருள் கம்பெனியா, காய்ச்சலா, நிரலா? 1987இல் பர்மிங்காமில் ஜான் சின்க்ளேர் தலைமையில் வெளிவந்த ‘கோபில்ட்’ அகராதி இதைப் புரிந்துகொண்டு, பொருளை முழு வாக்கியமாகவே எழுதியது: இன்னார் இன்னதை ‘ரன்’ செய்கிறார் என்றால் அதற்கு அவர் பொறுப்பு என்பதைப் போல. தமிழுக்குள் 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியும் பொருளுக்குப் பொருள் எடுத்துக்காட்டு வாக்கியம் தந்து வழிகாட்டியது.

மாணவர் கையில் புழங்கும் மலிவுப் பதிப்பு ஆங்கிலம் தமிழ் அகராதிகளை எடுத்துப் பாருங்கள். ‘ரன்’ என்ற சொல்லுக்கு எதிரே ஓடு, பாய், ஒழுகு, நடத்து, இயங்கு, போட்டியிடு என்று காற்புள்ளி போட்டு ஒரே வரியில் கொட்டியிருக்கும். எது எங்கே என்று ஒரு சொல் கிடையாது. பிள்ளைகள் முதல் சொல்லை எடுத்துக்கொண்டு, அப்பா கம்பெனி ஓடுகிறார் என்று எழுதுகிறார்கள். குற்றம் அவர்களுடையது அல்ல. இந்த அகராதிகளைத் தொகுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இந்த வினைக்கு இருபது பொருள் கொடுத்தால் போதும். ஒவ்வொன்றோடும் எழுவாயும் செயப்படுபொருளும் சேர்ந்த ஒரு முழு வாக்கியத்தைக் கட்டாயம் அச்சிடுங்கள்.